மார்ச் மாதம் வரைக்கும்

"ஏங்க, டேங்க் வழியுது. மோட்டார நிறுத்துங்க" என்று மாலதி கொல்லையிலிருந்து சத்தம் கொடுத்தாள். ஐப்பசி மாதம். நான்கு நாளாக விட்டுவிட்டுப் பெய்த மழை அன்று காலைதான் கொஞ்சம் வெளிவாங்கியிருந்தது. அவள் மதியக் குழம்புக்கு முளைக்கீரை கிள்ளப் போயிருந்தாள். செல்லதுரை கூடத்தில் உட்கார்ந்து செல்போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். "நிறுத்துறேன், நிறுத்துறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்திருக்கவில்லை. மாடியிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. இன்னொரு தடவை கத்துவாள், அப்போது எழுந்துகொள்ளலாம் என்று இருந்தான். இன்னொரு தடவை அவள் கத்தவில்லை.

மோட்டாரை நிறுத்திவிட்டுக் கொல்லைக்குப் போனபோது கீரைப் பாத்தி ஓரமாக ஒருக்களித்துக் கிடந்தாள். தூங்குகிறவள் மாதிரிதான் இருந்தாள். தஞ்சாவூரில் சேர்த்தார்கள். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். மறுநாள் விடிவதற்குள் முடிந்துவிட்டது. நாற்பத்திரண்டு வயது.

முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் என்று அவன் கேட்டதற்கு, ஐந்து பத்து நிமிஷத்தில் ஒன்றும் மாறியிருக்காது என்று டாக்டர் சொன்னார். செல்லதுரை அதை நம்பினான். எழுந்திருக்காமல் இருந்த அந்த இரண்டு நிமிஷம் அவனை அவ்வளவாக உறுத்தவில்லை. உறுத்துவதற்கு அவனிடம் வேறு மூன்று மாதம் இருந்தது.

அரசமங்கலம் நீடாமங்கலத்துக்குத் தெற்கே இருக்கிறது. பஸ் மெயின்ரோட்டோடு சரி. அங்கிருந்து ஊருக்குள் வர மூன்று கிலோமீட்டர் வாய்க்கால் கரையில் நடக்க வேண்டும். அடைமழையில் எது வாய்க்கால், எது வயல், எது பாதை என்று ஊர்க்காரனுக்கே தெரியாது. அதனால் அந்த ஊரில் பெண் பிள்ளைகள் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தின் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுவது வழக்கமாக இருந்தது. யாரும் அதைத் தீர்மானித்துச் செய்ததில்லை. நடவு நாளில் அம்மாக்கள் காலை ஆறு மணிக்கே லோடு வேனில் ஏறி வெளியூர் வயலுக்குப் போய்விடுவார்கள். அம்மா போனால் பெரிய பெண் வீட்டில் இருந்து சின்னதுகளைப் பார்க்க வேண்டும். பெண் பள்ளிக்கூடம் போனால் அம்மாவுக்கு அன்றைக்குக் கூலி இல்லை. இரண்டில் எது நிற்கும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

மாலதி பன்னிரண்டாவது பாஸ் செய்தவள். டீச்சர் டிரெய்னிங்குக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தபோது செல்லதுரைக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். கல்யாணத்துக்கு அப்புறம் படிக்கலாம் என்று இரண்டு வீட்டிலும் சொன்னார்கள். கல்யாணத்துக்கு அப்புறம் வானதி பிறந்தாள். செல்லதுரை குவைத்துக்குப் போனான். வானதி ஆறாம் வகுப்புக்குப் போக வேண்டிய வருஷம், மாலதி மகளிர் குழு மூலம் கடன் எடுத்து ஒரு பழைய ஆட்டோ வாங்கினாள். மன்னார்குடிக்குப் போய் ஓட்டப் பழகி லைசென்ஸ் எடுத்தாள். புருஷனிடம் போனில், "சும்மா கத்துக்கிறேங்க" என்று மட்டும் சொன்னாள்.

முதலில் வானதி மட்டும்தான் ஏறினாள். அப்புறம் இரண்டு பெண்கள் சேர்ந்தார்கள். மூன்றாம் வருஷம் நீடாமங்கலம் பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் போகிற ஆறு பேரும், போகிற வழியில் பால்வாடியில் இறக்கிவிட வேண்டிய வாண்டுகள் நாலைந்தும் வண்டியில் இருந்தார்கள். அம்மாக்கள் நிம்மதியாக நடவுக்குப் போனார்கள். கையில் காசு உள்ளவள் காசு கொடுத்தாள். இல்லாதவள் தை அறுவடை முடிந்து உளுந்து எடுத்ததும் இரண்டு படி கொண்டுவந்து கொடுத்தாள். மாலதியும் முதல்முறையாக யாரையும் கேட்காமல் வானதிக்குக் கணக்கு டியூஷன் வைத்தாள்.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஏற வேண்டிய பெண் ஏறவில்லையென்றால் வண்டி நகராது. அந்த வீட்டு வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பாள். அதிகம் ஹாரன் வாங்கியது நீலமேகம் வீடு. அவன் மூத்த மகள் பூமிகா கணக்கில் புலி. ஆனால் அம்மா நடவுக்குப் போய்விட்டால் உலை வைத்து, தண்ணீர் தூக்கிவிட்டுத்தான் அவள் கிளம்ப முடியும்.

"ஏ மாலதி, ஊருக்கே சங்கு ஊதுறியா? நான் இன்னும் எந்திரிக்கலைம்மா" என்று நீலமேகம் வேட்டியை இடுப்பில் சொருகிக்கொண்டு வெளியே வருவான்.

"அதுக்குத்தான் அண்ணே ஊதுறேன். எந்திரிச்சு ரெண்டு கொடம் தண்ணி தூக்குங்க. பொண்ணு கெளம்பட்டும்."

நீலமேகம் குடத்தை எடுப்பான். மாலதி சொன்னால் எடுப்பான்.

இதெல்லாம் நடந்தபோது செல்லதுரை குவைத்தில் ஒரு அரபி வீட்டில் டிரைவராக இருந்தான். மொத்தம் பதினாலு வருஷம். அந்த வீட்டில் மூன்று பெண்கள். காலையில் அவர்களைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும், மதியம் அழைத்துவர வேண்டும். நடுவில் வீட்டுக்காரம்மாளைக் கடைக்குக் கூட்டிப்போக வேண்டும். வெயிலில் கார் ஸ்டியரிங்கைத் தொட முடியாது. பள்ளிக்கூட மதில் ஓரமாகப் பத்து இருபது டிரைவர்கள் நிற்பார்கள். மலையாளி, வங்காளி, இவன். எந்தப் பெண்ணுக்கு என்றைக்குப் பரீட்சை, எவளுக்குக் கணக்கு வராது என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். மூத்த பெண் டாக்டர் படிப்புக்குப் போன அன்று அந்தச் சேதியை முதல் வேலையாக மாலதிக்குத்தான் போனில் சொன்னான். "பரவால்லையே, அந்தப் பொண்ணு படிப்புல நீங்க ஓட்டுனதும் சேர்த்திதாங்க" என்றாள். அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

அவள் சாவதற்கு ஐந்து வருஷம் முந்தின கார்த்திகையில் ஒரேயடியாக ஊர் திரும்பினான். மூன்றாம் நாள் டீக்கடையில் நீலமேகம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"என்ன மச்சான், அங்க நீ ஓட்டுன, இங்க தங்கச்சி ஓட்டுது. குடும்பமே டிரைவர் குடும்பமாப் போச்சே! வானதிக்கும் லாரி ஓட்டுற மாப்பிள்ளையாப் பாத்துருவமா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நீலமேகம் எல்லாரையும்தான் கிண்டல் செய்வான். ஆனால் செல்லதுரை அன்று டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தான்.

"நான்தான் வந்துட்டேன்ல. இனிமே நீ ஓட்ட வேணாம்" என்றான்.

"நீங்க வந்ததுக்கும் பிள்ளைங்க பள்ளிக்கூடம் போறதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"ஊர்ல சிரிக்கிறான்."

"யாரு, நீலமேகம் அண்ணனா? அவர் பொண்ணும்தான் வண்டியில வருது. எறக்கி விட்டுரட்டுமா?"

"வெளையாடாத. வித்துடலாம்."

"சரி, நான் ஓட்டல. நீங்க ஓட்டுங்க. உங்களுக்கு என்ன ஸ்கூல் டிரிப் புதுசா?"

இதுதான் அவனைச் சுட்டது. "பதினாலு வருஷம் அடுத்தவன் பிள்ளைங்களுக்குக் கதவு தொறந்துவிட்டவன்டி நான். சொந்த ஊருக்கு வந்தும் அதே பொழப்பா?" என்று கத்தினான்.

மாலதி சாதத்தை வடித்து நிமிர்த்தினாள். பிறகு தணிவாகச் சொன்னாள்: "மார்ச் மாசம் வரைக்கும் விடுங்க. மூணு மாசம். பூமிகாவுக்குப் பத்தாவது பரீட்சை. அது எழுதி முடிச்சிரட்டும். சாவிய நானே உங்க கையில குடுத்துடறேன்."

பொங்கல் கழிந்த வாரம் கும்பகோணத்திலிருந்து நௌஷாத் என்று ஒருவர் வந்து வண்டியைப் பார்த்தார். இப்போதே என்றால் எடுத்துக்கொள்கிறேன், தள்ளிப்போட்டால் வேறு பார்த்துக்கொள்வேன் என்றார். காட்டிய இடத்தில் எல்லாம் மாலதி கையெழுத்துப் போட்டாள். வண்டி தெருமுனையில் திரும்பும்போது அவள் உள்ளே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

பத்து நாள் கழித்து டீக்கடையில் நீலமேகம் கேட்டான். இந்தத் தடவை கிண்டல் இல்லை. "மச்சான், வண்டிய வித்துட்டியே. எம் பொண்ணு பரீட்சைக்கு எப்படிப் போவும்?"

"ஏன், உன் பொண்ணுக்கு என் பொண்டாட்டி ஆயாவா? பெத்தவன் நீ தூக்கிட்டுப் போ."

கடையில் இப்போதும் சிரித்தார்கள். பழைய பாக்கியைத் தீர்த்துவிட்ட திருப்தியோடு செல்லதுரை அன்று டீயை முழுதாகக் குடித்தான்.

பூமிகா பரீட்சை எழுதவில்லை. மாசி பிறப்பதற்குள் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டாள் என்று கேள்விப்பட்டான். சித்திரையில் ஏஜென்ட் ஒருவன் வந்து அவளையும் இன்னும் இரண்டு பெண்களையும் பல்லடம் பக்கம் ஒரு நூல் மில்லுக்கு அழைத்துப்போனான். மூன்று வருஷம் கழித்துக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை ஹரிஷ், அறுவடை மிஷின் ஓட்டுகிறவன். மிஷினோடு ஆந்திரா, தெலுங்கானா என்று வருஷத்தில் பாதி வெளியில் இருப்பான்.

வண்டி போனதற்காக மாலதி சண்டை போடவில்லை. சமைத்தாள், சிரித்தாள், உடம்பு சரியில்லாதபோது அவனுக்குக் கஷாயம் வைத்தாள். ஒன்று மட்டும் மாறியது. அவன் பைக்கில் ஏறமாட்டாள். "வா, மெயின்ரோட்டுல விடறேன்" என்பான். "இல்லங்க, நடந்தே போய்க்கிறேன். மத்தவங்க எல்லாம் நடக்கிறாங்கல்ல" என்பாள். மழையிலும் நடந்தாள். நாலரை வருஷம் அந்த மூன்று கிலோமீட்டரை நடந்தாள். அதைக் கோபம் என்று சொல்ல முடியாது. கோபம் என்றால் சமாதானம் பண்ணியிருக்கலாம்.

மாலதியின் பதினாறாம் நாள் காரியத்துக்குப் பூமிகா வந்தாள். இடுப்பில் எட்டு மாதக் குழந்தை. படத்துக்கு முன்னால் நின்று ஓசையில்லாமல் அழுதாள். பந்தி முடிந்து கூட்டம் கலைந்ததும் செல்லதுரையிடம் வந்தாள்.

"வரேன் மாமா."

"இரும்மா. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்." குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "அத்தைய நான் கடைசிவரைக்கும் சரியாப் பாக்கவே இல்ல மாமா. எதிர்ல பாத்தா ஒளிஞ்சிக்குவேன். அவ்வளவு தூரம் என்கூட நடந்தாங்க. நான் எழுதாமப் போயிட்டேன்னு..."

"நடந்தாளா? எங்க?"

பூமிகா அவனை நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாதா? வண்டி போனப்புறம் பதினோரு நாள் அத்தைதான் காலையில மெயின்ரோடு வரைக்கும் கொண்டாந்து பஸ் ஏத்திவிட்டாங்க. சாயங்காலமும் வந்து நிப்பாங்க."

அந்தத் தை மாதம் காலையில் அவள் பிள்ளையார் கோயிலுக்குப் போய்வருகிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். கேட்டதில்லை.

"அப்புறம் ஏம்மா நின்ன?"

"அப்பா நிறுத்திட்டாங்க. 'அவ புருஷன் கடையில வச்சு ஆயாவான்னு கேட்டுட்டான். அதுக்கு மேலயும் அந்தப் பொம்பளைய உங்கூட நடக்கவிட்டா நான் மனுஷனா'ன்னாங்க. தனியாப் போறேன்னு சொன்னேன். கரை ஓரமாத் தனியா வேணாம்னுட்டாங்க."

அவள் குற்றம் சொல்கிற மாதிரி சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரி சொன்னாள். செல்லதுரைக்கு அன்று கடையில் குடித்த டீயின் ருசிகூட நினைவுக்கு வந்தது.

மாலதியின் செல்போனை அவன் அணைத்து வைக்கவில்லை. குழுப் பெண்கள் விஷயம் தெரியாமல் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மார்கழியில் ஒருநாள் அதில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படித்தான். அன்புள்ள மாலதி, உங்கள் ஆட்டோவின் இன்சூரன்ஸ் இன்னும் பதினைந்து நாளில் முடிகிறது. கீழே வண்டி நம்பர். அதே நம்பர். மேலே தள்ளிப் பார்த்தான். போன வருஷம் அதே மாதத்தில் ஒன்று. அதற்கு முந்தின வருஷம் ஒன்று. வண்டி விற்ற பிறகு ஒவ்வொரு மார்கழியிலும் வந்திருந்தது. எல்லாவற்றையும் திறந்து படித்திருக்கிறாள். ஒன்றையும் அழிக்கவில்லை. ஒருவரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை நீலமேகம் வீட்டுக்குப் போனான். பூமிகா தாய்வீட்டில்தான் இருந்தாள். தனித்தேர்வராகப் பத்தாவது பரீட்சை எழுதலாம், அலைச்சல் எல்லாம் என் பொறுப்பு என்று, வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னான். பூமிகா கேட்டுக்கொண்டே குழந்தைக்குச் சோறு பிசைந்தாள்.

"பரீட்சை அப்புறம் பாக்கலாம் மாமா. எனக்கு வண்டி ஓட்டச் சொல்லித் தர்றீங்களா?"

"என்னது?"

"அத்தை பக்கத்துல உக்காந்து பாத்துப் பாத்து கியர் மாத்துறதெல்லாம் எனக்குத் தெரியும். இப்ப நம்ம தெருவுலயும் மேலத்தெருவுலயும் ஏழு பொண்ணுங்க இருக்கு. போன மாசம் மழையில ரெண்டு பேர நிறுத்திட்டாங்க. அம்மாங்க எங்கிட்டயே கேட்டாங்க, யாராவது பொம்பளை ஓட்டுனா அனுப்புவோம்னு. எனக்கும் கையில நாலு காசு இருக்கும். இவளுக்கு ஒரு பால் டின் வாங்கணும்னாக்கூட அவர் பணம் போடுறவரைக்கும் பாத்துட்டு இருக்க வேண்டியிருக்கு."

நீலமேகம் வாசல் நிலையில் சாய்ந்து நின்றான்.

செல்லதுரை அன்றே கும்பகோணத்துக்கு பஸ் ஏறினான். நௌஷாத் வெற்றிலை வியாபாரி. மண்டிக்கு வெளியே வண்டி நின்றது. பின்சீட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஈரச்சாக்கு போட்டு வெற்றிலைக் கூடைகளை அடுக்கியிருந்தார்கள். செய்தி கேட்டதும் நௌஷாத் தலையிலிருந்த துண்டை எடுத்தார்.

"எப்பண்ணே? கையெழுத்துப் போட்டப்ப எனக்கு மோர் குடுத்தாங்களே. ஒரு வார்த்தை கூடுதலாப் பேசல."

வண்டி திரும்ப வேண்டும் என்று செல்லதுரை சொன்னான். எதற்கு என்றும் சொன்னான். நௌஷாத் கொஞ்சம் யோசித்தார்.

"பெருசா ஆசைப்பட்டு வச்சிருக்க வண்டி இல்லண்ணே. எனக்கு லோடுக்கு வேற ஒண்ணு அமையட்டும், தை கடைசியில தர்றேன். சீட்டுகூட வீட்டுலதான் கெடக்கு. இன்னொண்ணு, இது இன்னும் அவங்க பேர்லதான் இருக்கு. அப்ப மாத்தணும்னு நெனச்சு விட்டுட்டேன். ஏஜென்ட் வருஷா வருஷம் பழைய பேர்லயே இன்சூரன்ஸ் போட்டுக் குடுத்துட்டான்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவனுக்குப் பல நாளைக்குப் பிறகு பசித்தது.

இனி ஹரிஷிடம் கேட்க வேண்டியதுதான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை பூமிகா போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள். அவனுக்குப் பின்னால் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. செல்லதுரை பொறுமையாக எல்லாவற்றையும் சொன்னான். வண்டி வாங்கித் தருவது, ஓட்டக் கற்றுத் தருவது, ஏழு பெண்கள்.

"அண்ணே, நல்லதுக்குத்தான் சொல்றீங்க" என்றான் ஹரிஷ். "ஆனா நான் இங்க வெயில்லயும் தூசியிலயும் மிஷின்ல கெடக்கிறது எதுக்கு? எம் பொண்டாட்டி ஆட்டோ ஓட்டுறதுக்கா? ஊர்ல நாலு பேர் சிரிக்கமாட்டானா?"

"சிரிப்பான் தம்பி. ரெண்டு நாள் சிரிப்பான். நானும் உன்ன மாதிரிதான்..."

"தெரியும்ண்ணே. பூமிகா சொல்லியிருக்கு. நீங்க உங்க வீட்டுல ஓட்ட விட்டீங்களா?"

மரியாதையாகத்தான் கேட்டான். குரல்கூட உயரவில்லை. நீலமேகம், எதற்கும் ஒரு வார்த்தை சொல்கிறவன், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். செல்லதுரைக்குப் பதில் தெரியும். ஓட்டவிடவில்லை, அதனால்தான் கேட்கிறேன் என்று சொல்ல வேண்டும். அது வாயில் வருவதற்குள் பூமிகா போனை எடுத்துக்கொண்டாள்.

"சாப்டீங்களா?" என்று புருஷனைக் கேட்டபடி உள்ளே போய்விட்டாள்.

நானே ஓட்டுகிறேன் என்று செல்லதுரை அப்புறம் வீடு வீடாகப் போய்ச் சொன்னான். முன்பு மாலதி வண்டியில் வந்த ஒரு பெண்ணின் அம்மாதான் வெளிப்படையாகப் பேசினாள். "உங்க மேல ஒரு கொறையும் இல்லண்ணே. ஆனா வயசுக்கு வந்த பிள்ளைங்க. மாலதி அக்கா வண்டின்னா கண்ண மூடிக்கிட்டு ஏத்திவிட்டோம். அது வேற." இரண்டு சின்னப் பிள்ளைகளை மட்டும் அனுப்பினார்கள். அதற்கு ஆட்டோ தேவையில்லை. காலையில் அவர்களைப் பைக்கில் வைத்து மெயின்ரோடு வரை கொண்டுபோய் விடுகிறான். மற்றவர்கள் கரையோரம் நடக்கிறார்கள், நடக்க முடிகிற நாளில். பூமிகா அவனை எதிரில் பார்த்தால் சிரிக்கிறாள். வண்டியைப் பற்றிப் பேசுவதில்லை. ஹரிஷ் ஊருக்கு வந்ததும் நேரில் ஒரு தடவை கேட்டுப் பார்க்க வேண்டும் என்று செல்லதுரை நினைத்துக்கொண்டிருக்கிறான். கேட்கிறவன் யார் என்பது மாறப்போவதில்லை என்றும் அவனுக்குத் தெரியும்.

வண்டி நௌஷாத்திடமே நின்றுவிட்டது. பெயர் மாற்றப் படிவங்களை அவர் தபாலில் அனுப்பினார். வாரிசுகள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். செல்லதுரை தன் இடத்தில் போட்டான். தஞ்சாவூரில் நர்சிங் படிக்கிற வானதி சனிக்கிழமை வந்தபோது அவளிடம் கொடுத்தான். அவள் ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். பேனாவைத் திறந்தாள், மூடினாள்.

"அப்புறம் போடலாம்ப்பா" என்றாள்.

அவன் வற்புறுத்தவில்லை. நௌஷாத்தும் அவசரப்படுத்தவில்லை. வண்டி கும்பகோணத்தில் தினமும் வெற்றிலைக் கூடை ஏற்றி ஓடுகிறது. ஆர்.சி. புத்தகத்தில் உரிமையாளர் செ. மாலதி.